லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்: ஒரே குழுவுக்கு ஏன் இத்தனை வரலாறுகள்?

டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' தொடரிலிருந்து 1983, 1995, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று இதழ்களை ஒரு புதிய வாசகர் அடுத்தடுத்துப் படித்தால் அவருக்குக் குழப்பம் ஏற்படுவது உறுதி. முதல் இதழில் மின்னலை ஏவும் வீரன் லைட்னிங் லாட் என்ற பெயருடன், சக வீராங்கனை சாட்டர்ன் கேர்ளை மணந்துகொண்டவனாக, பல போர்களைப் பார்த்தவனாக இருக்கிறான். இரண்டாம் இதழில் அவனே லைவ் வயர் என்னும் பெயரில், அண்மையில்தான் குழுவில் சேர்ந்த விடலைப் பையனாகத் தோன்றுகிறான். மூன்றாம் இதழில் அவன் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறான். ஆனால் அவனுடைய குழு, பெரியவர்களின் ஆட்சியை எதிர்த்து நிற்கும் ஓர் இளைஞர் இயக்கமாக உருமாறியிருக்கிறது. மூன்று இதழ்களின் அட்டையிலும் ஒரே தலைப்புதான் இருக்கிறது, இடையில் என்ன நடந்தது என்பதற்கான விளக்கம் எந்த இதழிலும் இல்லை.

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள, அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் 'கண்டினியூட்டி' என்று அழைக்கப்படும் கதைத் தொடர்ச்சி எப்படிச் செயல்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அதை விளக்குவதற்கு லீஜனைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. ஏனெனில், கதைத் தொடர்ச்சியால் ஒரு தொடர் எவ்வளவு வளம்பெற முடியும் என்பதற்கும், அதே தொடர்ச்சியால் எவ்வளவு சிதைய முடியும் என்பதற்கும் இந்த ஒரு குழுவே சான்றாக நிற்கிறது.

கதைத் தொடர்ச்சி என்பது, ஒரு நிறுவனம் வெளியிடும் கதைகள் அனைத்தும் ஒரே உலகில், ஒரே கால வரிசையில் நடந்தவை என்று வாசகரும் வெளியீட்டாளரும் செய்துகொள்ளும் உடன்பாடு. சென்ற மாதம் ஒரு வீரன் கையை இழந்திருந்தால் இந்த மாதமும் அவனுக்குக் கை இருக்கக் கூடாது. ஒரு தொடரில் ஒரு நகரம் அழிந்தால், அடுத்த தொடரில் வரும் பாத்திரம் அந்த நகரத்தில் காலைச் சிற்றுண்டி சாப்பிடக் கூடாது. நம் இராமாயண மரபில் இப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. வான்மீகியின் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிச் செல்கிறான். கம்பரின் இராவணனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். இரண்டில் எது 'உண்மையில் நடந்தது' என்று கேட்டு யாரும் ஒன்றைத் தள்ளிவைப்பதில்லை, இரண்டும் தத்தம் காவியத்துக்குள் முழுமையாக நிற்கின்றன. அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அவ்வாறு விட்டுவிட முடியாது. அங்கே பல எழுத்தாளர்கள், பல பத்தாண்டுகளாக, ஒரே காவியத்தின் அடுத்தடுத்த படலங்களை மாதந்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முந்தைய படலத்தோடு பொருந்தாத எதுவும் அங்கே பிழையாகவே எண்ணப்படுகிறது.

லீஜன் இந்தப் பாரத்தைச் சுமக்கத் தொடங்கியது திட்டமிட்டு அன்று. 1958 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' 247ஆம் இதழில், ஆட்டோ பைண்டர் எழுதி அல் பிளாஸ்டினோ வரைந்த ஒரு சூப்பர்பாய் கதை வந்தது. சூப்பர்பாய் என்பவன் வேறு யாருமல்லன், ஸ்மால்வில் ஊரில் வளர்ந்துகொண்டிருந்த காலத்துச் சூப்பர்மேன். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்காலத்திலிருந்து மூன்று இளைஞர்கள் வந்து, அவனுடைய இரகசியம் தங்களுக்குத் தெரியும் என்று அவனைச் சீண்டிவிட்டு, தங்கள் காலத்துக்கு அழைத்துச் சென்று, போட்டிகள் வைத்துச் சோதித்து, இறுதியில் தங்கள் மன்றத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த மூவர் காந்த ஆற்றல் கொண்ட காஸ்மிக் பாய், பிறர் மனத்தைப் படிக்கும் சாட்டர்ன் கேர்ள், அந்த ஒரு கதையில் மட்டும் லைட்னிங் பாய் என்று அழைக்கப்பட்ட லைட்னிங் லாட் ஆகியோர். ஒரே இதழோடு முடிந்துபோக வேண்டிய இந்த வேடிக்கைக் கதையை வாசகர்கள் விடவில்லை. அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டதால் குழு திரும்ப வந்தது, 1962-இல் 300ஆம் இதழிலிருந்து அட்வெஞ்சர் காமிக்ஸில் அதற்கென நிலையான இடமும் கிடைத்தது.

அந்தத் தொடக்கக் காலத்தில் தொடர்ச்சியைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1960-இல், சூப்பர்மேனின் ஒன்றுவிட்ட தங்கையான சூப்பர்கேர்ளின் கதை ஒன்றில், அவளைச் சந்திக்கும் லீஜன் உறுப்பினர்கள், சூப்பர்பாய் சந்தித்தவர்களின் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டது. அடுத்தடுத்த கதைகளில் அந்தச் செய்தி சத்தமில்லாமல் கைவிடப்பட்டு, இருவரும் சந்தித்தது ஒரே குழுவைத்தான் என்று ஆகிவிட்டது. சிறுவர்களுக்காக எழுதப்படும் கதைகளைச் சில ஆண்டுகளில் புதிய சிறுவர்கள் படிப்பார்கள், பழையவற்றை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள் என்பதே அன்றைய ஆசிரியர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு தவறியதற்கு வாசகர்களே காரணம். அவர்கள் இதழ்களைச் சேர்த்து வைத்தார்கள், ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள், லீஜனின் தலைவர் யார் என்பதை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜிம் ஷூட்டர் பதின்மூன்று வயதில் லீஜன் கதைகளை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினார், 1966-இல் அவை அச்சேறத் தொடங்கின. படித்து வளர்ந்தவரே எழுத வந்தபோது தொடர்ச்சிக்கு ஒரு புதிய கனம் கிடைத்தது. அவர் உருவாக்கிய ஃபெர்ரோ லாட் என்னும் இரும்புச் சிறுவன், சூரியனை விழுங்கும் கொடிய மேகத்தை அழிக்க 1967-இல் உயிர்த்தியாகம் செய்தான். 1963-இல் இறந்த லைட்னிங் லாடை அதே ஆண்டுக்குள் எழுப்பிவிட்ட அத்தொடர், ஃபெர்ரோ லாடைப் பிணமாகவே விட்டுவைத்தது.

தொடர்ச்சி தரும் இன்பத்துக்கு என் கண்ணில் சிறந்த எடுத்துக்காட்டு அதே 1967-இல் ஷூட்டர் எழுதிய மற்றொரு கதைதான். அதில் சூப்பர்மேன், வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட லீஜனைச் சந்திக்கச் செல்கிறான். அங்கே உயிர்நீத்த உறுப்பினர்களின் சிலைகள் நிற்கின்றன. அவற்றுள் கெமிக்கல் கிங், ஷேடோ வுமன் என்ற பெயர்கள் அன்றுவரை எந்த வாசகரும் கேள்விப்படாதவை. மறுஆண்டே ஷேடோ லாஸ் என்னும் பெண்ணும் கெமிக்கல் கிங் என்னும் இளைஞனும் தொடருக்குள் நுழைந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1977-இல், ஓர் உலகப் போரைத் தடுக்கும் முயற்சியில் கெமிக்கல் கிங் மாண்டான், சிலையின் அடியில் எழுதப்பட்டிருந்தபடியே. அதற்குள் தொடர் வேறு இதழுக்கு மாறியிருந்தது, ஓவியர்களும் மாறியிருந்தார்கள். இருந்தும் ஒரு சித்திரக் கட்டத்துக்குள் போகிறபோக்கில் வரையப்பட்ட சிலை ஒரு பத்தாண்டுக்குப் பின் ஒருவனின் விதியாயிற்று. தனியொரு நாவலால் இதைச் செய்ய முடியாது. பத்தாண்டு காத்திருந்த வாசகருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய சுவை இது.

தொடரின் வளர்ச்சிக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1970களில் ஓவியர் டேவ் காக்ரமின் புதிய உடையமைப்புகள் குழுவுக்குப் புத்துயிர் தந்தன. 1980-இல் தலைப்பிலிருந்த சூப்பர்பாயின் பெயர் நீக்கப்பட்டு இதழ் முழுவதும் லீஜனுக்கே உரியதானது. 1982-இல் பால் லெவிட்ஸும் கீத் கிஃபனும் படைத்த 'தி கிரேட் டார்க்னஸ் சாகா' அதன் உச்சமாகப் பலராலும் கருதப்படுகிறது. 1958-இல் தொடங்கிய சரடு அதுவரை அறுபடவேயில்லை. கால் நூற்றாண்டுக் காலம் ஒரே பாத்திரங்கள் வளர்ந்தார்கள், மணந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், சிலர் இறந்தார்கள்.

ஆனால் அந்தச் சரடு கட்டப்பட்டிருந்த முளை ஒன்றே ஒன்றுதான், அது சூப்பர்பாய். குழு உருவானதற்கான தூண்டுதலே ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வீரனின் புகழ்தான் என்பதே கதையின் அடித்தளம். அந்த முளை வேறொருவரின் நிலத்தில் அடிக்கப்பட்டிருந்தது என்பதில்தான் பின்னால் வந்த எல்லாத் தொல்லைகளும் அடங்கியிருந்தன.

1985-86-இல் டிசி நிறுவனம் தன் கதையுலகம் முழுவதையும் திருத்தியமைக்க முடிவுசெய்து, மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரஸ் வரைந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்னும் பன்னிரண்டு இதழ்த் தொடரை வெளியிட்டது. பல பிரபஞ்சங்களாகப் பெருகிக் கிடந்த கதைகளை ஒரே பிரபஞ்சத்துக்குள் சுருக்குவதே அதன் நோக்கம். அதைத் தொடர்ந்து 1986-இல் சூப்பர்மேனின் வரலாற்றை ஜான் பைர்ன் புதிதாக எழுதினார். அந்தப் புதிய வரலாற்றின்படி கிளார்க் கென்ட் வளர்ந்து பெரியவனான பிறகே உடையணிந்து வெளிப்பட்டான், சூப்பர்பாய் என்று ஒருவன் இருந்ததே இல்லை. சூப்பர்மேனைப் பொறுத்தவரை இது நல்ல முடிவாகவே அமைந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் லீஜனின் அடித்தளம் மட்டும் ஒரே இரவில் காணாமல் போயிற்று.

இங்கே இரண்டு கலைச்சொற்களை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. முன்பே அச்சாகிவிட்ட கதையை அழிக்காமல், அதன் பொருளை மட்டும் பின்னாளில் மாற்றியமைப்பதை 'ரெட்கான்' என்பார்கள். முன்பு நடந்தவை அனைத்தையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதை 'ரீபூட்' என்பார்கள். ரெட்கானுக்கு லீஜனிலேயே ஒரு விபரீதமான எடுத்துக்காட்டு உண்டு. 1963-இல் லைட்னிங் லாடை உயிர்ப்பிக்க மற்றொருவர் உயிர்தர வேண்டியிருந்தபோது, சாட்டர்ன் கேர்ளின் உருவத்தை எடுத்துக்கொண்டு புரோட்டி என்னும் சிறு வளர்ப்புயிர் மின்னலைத் தாங்கி மடிந்தது. அன்று உயிர்த்தெழுந்த உடலுக்குள் இருந்தது லைட்னிங் லாடின் உணர்வன்று, புரோட்டியின் உணர்வே என்று ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு கதை அறிவித்தது. பழைய இதழின் ஒரு கட்டம்கூட மாறவில்லை. அதன் பிறகு நடந்த காதல், திருமணம், குழந்தைகள் எல்லாவற்றின் பொருளும் மாறிவிட்டது. இதை மேதைமை என்று கொண்டாடியவர்களும் உண்டு, அருவருத்தவர்களும் உண்டு. நான் இரண்டாம் அணி.

சூப்பர்பாய் இல்லாமற்போன சிக்கலுக்கு 1987-இல் லெவிட்ஸும் பைர்னும் கண்ட தீர்வும் ஒரு ரெட்கான்தான், அதுவும் மிகச் சாமர்த்தியமானது. காலத்தின் எல்லையில் வாழும் டைம் டிராப்பர் என்னும் வில்லன், ஒரு குட்டிப் பிரபஞ்சத்தை இரகசியமாகப் படைத்து, அதில் ஸ்மால்விலையும் ஒரு சூப்பர்பாயையும் வைத்திருந்தான். லீஜன் கடந்த காலத்துக்குப் பயணம் செய்த ஒவ்வொரு முறையும் அவர்களை அந்தக் குட்டிப் பிரபஞ்சத்துக்கே திருப்பிவிட்டான். ஆகவே அவர்கள் சந்தித்ததும் நட்புகொண்டதும் உண்மையான ஒரு சூப்பர்பாயோடுதான், அவன் வளர்ந்து சூப்பர்மேன் ஆகவில்லை, அவ்வளவே. அந்தச் சூப்பர்பாய் தன் நண்பர்களைக் காக்கும்பொருட்டு உயிர்நீத்தான், அவனுடைய இறுதிச்சடங்கோடு விவகாரம் முடிந்தது. பழைய கதைகளில் ஒன்றைக்கூடத் தள்ளாமல், புதிய விதியையும் மீறாமல், ஒரு நல்ல சோகக் கதையையும் தந்துவிட்ட இந்த ஒட்டு நிலைத்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவையிருந்திருக்காது.

அது நிலைக்கவில்லை. 1989-இல் கிஃபன், டாம் பியர்பாம், மேரி பியர்பாம், அல் கார்டன் ஆகியோர் புதிய தொடரைத் தொடங்கினார்கள். முந்தைய கதையிலிருந்து ஐந்து ஆண்டுகள் தள்ளிக் கதை தொடங்குவதால் வாசகர்கள் இதை 'ஃபைவ் இயர்ஸ் லேட்டர்' என்றே குறிப்பிடுகிறார்கள். அப்போது லீஜன் கலைந்துகிடக்கிறது, உறுப்பினர்கள் நடுவயதை நோக்கிச் செல்கிறார்கள், பூமி மறைமுகமாக வேற்றுக்கோளினரின் பிடியில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள், விளக்கமில்லாத உரையாடல்கள், இடையிடையே கடிதங்களும் ஆவணங்களும் என்று வாசகரை உழைக்கவைக்கும் நடை அதற்கு இருந்தது. தொடங்கிய சில இதழ்களுக்குள், சூப்பர்மேன் இதழ்களைக் கவனித்துவந்த ஆசிரியர் குழு, குட்டிப் பிரபஞ்சத்துச் சூப்பர்பாயைக்கூட இனிக் குறிப்பிடக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. முன்பு ஒட்டியிருந்த ஒட்டையும் பிய்க்க வேண்டியதாயிற்று.

எழுத்தாளர்கள் அதையும் கதைக்குள்ளேயே செய்தார்கள். லீஜனின் மூத்த வீரன் மான்-எல் டைம் டிராப்பரைக் கொன்றுவிடுகிறான். கொன்றவுடன் அந்த வில்லன் இல்லாத வரலாறு தன்னைத் தானே மாற்றியமைத்துக்கொள்கிறது. புதிய வரலாற்றில் அந்த இடத்தைக் கிளோரித் என்னும் பெண் நிரப்புகிறாள். சூப்பர்பாய் வகித்த முன்னோடியின் இடம் மான்-எல்லுக்கே போய்ச்சேர்கிறது, அவன் பெயரில் 'எல்' என்னும், சூப்பர்மேன் பிறந்த கிரிப்டன் கோளின் குடும்பப் பெயர் ஒலிப்பதால் அதுவும் நீக்கப்பட்டு 'வேலர்' ஆகிறது. சூப்பர்கேர்ளின் இடத்துக்கு லாரல் காண்ட் என்று புதிதாக ஒருத்தி வருகிறாள். இனிமேல் பழைய இதழ் எதைப் படித்தாலும், சூப்பர்பாய் வரும் இடங்களில் வேலரையும், சூப்பர்கேர்ள் வரும் இடங்களில் லாரலையும் மனத்துக்குள் பொருத்திக்கொண்டு படிக்க வேண்டும் என்பதே வாசகர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. கடந்த முப்பது ஆண்டுக் கதைகள் நடந்தன, ஆனால் அச்சிட்டபடி நடக்கவில்லை என்னும் இந்த நிலைதான் லீஜனின் உண்மையான வீழ்ச்சி என்பது என் கருத்து. கதையின் தரம் குறைந்துவிட்டதாக நான் சொல்லவில்லை, இந்தக் காலக்கட்டத்தின் சில இதழ்கள் அத்தொடரிலேயே மிகத் துணிச்சலானவை. ஆனால் வாசகர் தம் அலமாரியில் இருக்கும் இதழை நம்ப முடியாதபோது, தொடர்ச்சி என்னும் உடன்பாட்டுக்கு என்ன பொருள் இருக்கிறது?

இதற்கு மேல் குழுவில் ஒவ்வொருவரின் இளம்பருவப் பிரதி ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டு, 1993-இல் அவர்களுக்கெனத் தனி இதழும் தொடங்கப்பட்டது. அவர்கள் நகல்களா, அல்லது இவர்கள்தாம் நகல்களா என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது. 1992-இன் இறுதியில் பூமியே வெடித்துச் சிதறியிருந்தது. இனி ஒட்டுப்போட இடமில்லை என்ற நிலையில், 1994-இல் டிசி நடத்திய 'ஸீரோ அவர்' என்னும் பெருநிகழ்வைப் பயன்படுத்தி இரண்டு தலைமுறை லீஜன்களும் காலவெளியில் கரைந்து மறைந்தன. அந்த நிகழ்வின் இதழ்கள் நான்கிலிருந்து பூச்சியம்வரை தலைகீழாக எண்ணிடப்பட்டிருந்தன. மறுமாதமே லீஜனின் பூச்சியமாம் இதழ் வெளிவந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. இதுவே லீஜனின் முதல் ரீபூட்.

இந்த ரீபூட்டை நான் நேர்மையான செயலாகவே காண்கிறேன். ஆர்.ஜே. பிராண்ட் என்னும் செல்வரைக் கொலையாளிகளிடமிருந்து மூன்று இளைஞர்கள் காப்பாற்றுகிறார்கள், அவர் தரும் பணத்தில் குழு உருவாகிறது. 1968-இல் சேர்க்கப்பட்ட இந்தத் தோற்றக் கதை அப்படியே இருக்க, சூப்பர்பாய் மட்டும் அதில் தேவைப்படவில்லை. முளையை நட இனிப் பிறர் நிலத்தை நாட வேண்டியிருக்கவில்லை. லைட்னிங் லாட் லைவ் வயர் ஆனதும், ஃபாண்டம் கேர்ள் அப்பரிஷன் ஆனதும், பழங்காலத்துப் பெயர்களை 1990களுக்கு ஏற்றவாறு புதுப்பிக்கும் முயற்சியே. பழைய வாசகர்களுள் பலர் இதை மன்னிக்கவில்லை என்பதும் உண்மைதான். தம்மோடு வளர்ந்த பாத்திரங்கள், தம் வயதுக்கு வந்து நின்றபோது, அவர்கள் வாழவேயில்லை என்று சொல்லப்பட்டால் எவருக்கும் வலிக்கும். ஆனால் 2000-இல் டான் ஆப்னெட்டும் ஆண்டி லானிங்கும் எழுதிய 'லீஜன் லாஸ்ட்' என்னும் பன்னிரண்டு இதழ்க் கதை, முந்தைய வரலாறு எதையும் அறியாதவரும் படித்து உருகக்கூடியது. ரீபூட் செய்தது வீண்போகவில்லை என்பதற்கு அதுவே போதும்.

இரண்டாவது ரீபூட் 2004-இன் இறுதியில் வந்தது. மார்க் வெய்ட் எழுதி பாரி கிட்சன் வரைந்த இதில், எல்லா வசதிகளும் நிறைந்து, எல்லோரும் கண்காணிக்கப்படும் ஓர் எதிர்காலத்தில், பெரியவர்களின் பாதுகாப்பான சலிப்பை எதிர்த்து இளைஞர்கள் லீஜனின் தலைமையகத்தைச் சுற்றித் திரள்கிறார்கள். ஒரு நகைச்சுவையான மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். கலோசல் பாய் என்பவன் முந்தைய வரலாறுகளில் பூதாகரமாக வளரும் ஆற்றல் உடையவன். இங்கே அவன் பூதாகரமானவர்களின் இனத்திலேயே பிறந்து, சாதாரண மனிதர் அளவுக்குச் சுருங்கும் ஆற்றல் பெற்றவன், ஆகவே தன்னை மைக்ரோ லாட் என்று அழைக்குமாறு எல்லோரிடமும் மன்றாடுகிறான். இப்படி நல்ல கற்பனைகள் இருந்தும் இந்த ரீபூட்டுக்கு 1994-இல் இருந்த கட்டாயம் இருக்கவில்லை. அன்று அடித்தளமே உடைந்திருந்தது. இன்றோ புதிய கருத்து ஒன்று மட்டுமே காரணம். ஒரு முறை துடைத்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார், இரண்டாம் முறை துடைக்கும்போது மூன்றாம் முறையும் துடைப்பார்கள் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடுகிறது.

மற்ற வீரர்களுக்கு நேராதது லீஜனுக்கு மட்டும் ஏன் இத்தனை முறை நேர்ந்தது? பேட்மேனின் வரலாற்றை முற்றாகத் துடைக்க வேண்டுமானால் ஒரே மாதத்தில் வெளிவரும் பல இதழ்களையும், பல எழுத்தாளர்களின் திட்டங்களையும் நிறுத்த வேண்டும். லீஜனோ தனக்கென்று ஓர் எதிர்கால நூற்றாண்டில், பிற இதழ்களோடு ஒட்டாமல் வாழ்கிறது. அதைத் துடைத்தால் பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம்கூட உருளாது. அதே வேளையில், எதிர்காலத்தில் நடப்பதாலேயே, நிகழ்காலத்தில் எந்த இதழில் எது மாறினாலும் அதன் விளைவு லீஜனின் தலையில் வந்து விழுகிறது. மார்வெல் நிறுவனம் இத்தகைய முழுத் துடைப்பைப் பெரும்பாலும் தவிர்த்து, கதைகளின் தொடக்கத்தை எப்போதும் நிகழ்காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்பாக நகர்த்திக்கொண்டே போகும் உத்தியைக் கையாள்கிறது. அந்த உத்தியும் சிக்கலற்றது அன்று, ஆனால் அங்கே எந்தக் குழுவும் இருந்த இடம் தெரியாமல் போய்விடுவதில்லை.

2007-இல் கதை மறுபடி திரும்பியது. ஜெஃப் ஜான்ஸும் பிராட் மெல்ட்சரும் எழுதிய 'தி லைட்னிங் சாகா' வழியாக, 1980களின் லீஜனை மிக நெருக்கமாக ஒத்த ஒரு குழு திரும்ப வந்தது. அடுத்து ஜான்ஸ், கேரி ஃபிராங்கின் ஓவியங்களோடு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழில் எழுதிய கதை, இளம்வயதில் அவர்களோடு வாழ்ந்த நினைவுகளைச் சூப்பர்மேனுக்குத் திருப்பித் தந்தது. அப்படியானால் 1994-இன் லீஜனும் 2004-இன் லீஜனும் யார்? 2008-09-இல் ஜான்ஸும் பெரஸும் படைத்த 'லீஜன் ஆஃப் 3 வேர்ல்ட்ஸ்' மூன்று குழுக்களையும் ஒரே போர்க்களத்தில் நிறுத்தி விடைசொன்னது: அவை வெவ்வேறு பிரபஞ்சங்களைச் சேர்ந்தவை. 1994-இன் குழு வாழ்ந்த உலகத்துக்கு எர்த்-247 என்று எண் தரப்பட்டது, முதல் கதை வெளிவந்த இதழின் எண் அது. பிரபஞ்சங்கள் பல என்பதை ஒழிக்க 1985-இல் தொடங்கிய முயற்சியால் விளைந்த சிக்கலை, பிரபஞ்சங்கள் பல என்று சொல்லியே தீர்க்க வேண்டியதாயிற்று. 1985-இல் கிரைசிஸை வரைந்த அதே பெரஸின் கையாலேயே அது நடந்தது.

அதன் பிறகும் மாற்றங்கள் நிற்கவில்லை. 2011-இல் டிசி தன் இதழ்கள் அனைத்தையும் புதிய எண்களோடு தொடங்கியபோதும் லெவிட்ஸ் எழுதிய லீஜன் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து, 2013-இல் நின்றுபோயிற்று. 2019-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் ரயன் சூக்கும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இம்முறை எதிர்காலத்துக்கு அழைத்துச் செல்லப்படுபவன் சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட், அவனும் சூப்பர்பாய் என்றே அழைக்கப்படுகிறான். பழைய முளைக்குப் பதிலாக அதே பெயரில் ஒரு புதிய முளை நடப்பட்டுவிட்டது.

புதிதாகப் படிக்க விரும்புகிறவர் இந்த வரலாற்றை வரிசையாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு தொடர்ச்சியையும் தனிக் காவியமாக எடுத்துக்கொண்டு, ஏதேனும் ஒன்றின் தொடக்கத்திலிருந்து நுழைவதே நல்லது. செவ்வியல் வடிவம் வேண்டுபவர்கள் 'தி கிரேட் டார்க்னஸ் சாகா'விலிருந்து தொடங்கலாம். சூப்பர்மேனை மட்டும் அறிந்தவர்களுக்கு ஜான்ஸ்-ஃபிராங்க் கதை எளிய வாசல். தனித்து நிற்கும் ஒரு கதை மட்டும் போதுமென்றால் 'லீஜன் லாஸ்ட்'. 'ஃபைவ் இயர்ஸ் லேட்டர்' காலத்து இதழ்களை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. முன்கதை தெரியாதவருக்கு அவற்றின் துணிச்சல் புரியாது, குழப்பம் மட்டுமே மிஞ்சும்.

பழைய புத்தகக் கடையிலோ நண்பரிடமோ கிடைத்த ஓர் இதழ் எந்தத் தொடர்ச்சியைச் சேர்ந்தது என்று அறிய, அட்டையிலுள்ள எண்ணை நம்ப வேண்டாம், தொடர் பலமுறை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. மின்னலை ஏவுகிறவன் பெயர் லைவ் வயர் என்றிருந்தால் அது பெரும்பாலும் 1994-க்குப் பிந்தைய முதல் ரீபூட். கலோசல் பாய் தன்னை மைக்ரோ லாட் என்று அழைக்கச் சொன்னால் அது வெய்ட்-கிட்சன் காலம். மான்-எல்லை எல்லோரும் வேலர் என்று அழைத்து, லாரல் காண்டும் உடன் இருந்தால் 1990களின் தொடக்கம். சூப்பர்பாயின் பெயர் ஜான் என்றால் 2019-க்குப் பின். கிளார்க் என்றிருந்து, இதழின் தாளும் பழுப்பேறியிருந்தால், பெரும்பாலும் அது முதல் லீஜனின் இதழாகத்தான் இருக்கும்.